சாக்லெட் மால்ட் கிடைக்காதபோது: போர்ட்டரிலும் ஸ்டௌட்டிலும் எதற்கு எதை மாற்றுவது

குளுவாங் போன்ற தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு வீட்டில் போர்ட்டர், ஸ்டௌட் போன்ற கறுத்த பீர் காய்ச்சத் திட்டமிடுபவருக்கு அடிக்கடி நேர்வது இது. செய்முறையில் சாக்லெட் மால்ட் (முளைவிட்டு உலர்ந்தபின் கரும்பழுப்பாக வறுத்த பார்லி) 300 கிராம் என்றிருக்கும். கூரியரில் அனுப்பும் கடையில் பிளாக் மால்ட் மட்டும்தான் இருக்கும். அடிப்படை மால்ட்டை மூட்டை மூட்டையாக இறக்கும் கடைகள்கூட அடர்நிற மால்ட்டில் ஓரிரு வகைகளையே வைத்திருக்கின்றன. ஒரு காய்ச்சலுக்கு அதில் கால் கிலோதான் செலவாகும் என்பதால் அதைப் பல வகையாக வாங்கி அடுக்க அவர்களுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே மாற்றிப் போடும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலோர் செய்வது நிறக் கணக்கு. சாக்லெட் மால்ட் சுமார் 350 லவிபாண்ட் (மால்ட்டின் நிற அளவு, எண் ஏற ஏறக் கறுப்பு), பிளாக் மால்ட் சுமார் 500 லவிபாண்ட்; எனவே 300 கிராமுக்குப் பதில் 210 கிராம் போட்டால் நிறம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுகிறார்கள். நிறம் சரியாகத்தான் வரும். குடித்துப் பார்த்தால் அடித்தொண்டையில் சாம்பலும் கரியும் நிற்கும். பச்சை மிளகாய் தீர்ந்துவிட்டது என்று அதே காரத்துக்கு வறமிளகாயை அள்ளிப் போட்டால் குழம்பு காரமாக இருக்கும், ஆனால் அது அந்தக் குழம்பாக இருக்காது. மால்ட் மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எந்த அளவு வறுபட்டது, உமி உள்ளதா இல்லையா என்பது. அளவைச் சுவையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். நிறம் கடைசியில் வரட்டும்.

தொடங்கும் முன் ஒன்று. மலேசியாவில் மதுபானம் தயாரிப்பது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்கீழ் உரிமத்துக்கு உட்பட்டது. சிங்கப்பூரில் ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை உரிமமின்றிக் காய்ச்சலாம் என்பதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். சுங்கத் துறையிடம் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

வறுவலின் படிகள்

அடர்நிற மால்ட் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது கிரிஸ்டல் மால்ட். முளைவிட்ட பார்லியை ஈரம் உலராமலே 65 - 70 டிகிரியில் புழுங்க வைப்பார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாக மாறும். பிறகு சூடேற்றி உலர்த்தும்போது அது பாகாக இறுகும். 40 முதல் 120 லவிபாண்ட் வரை வரும் இந்த வகை இனிப்பையும் வாயில் உணரும் கனத்தையும் தருகிறது. டாஃபி, உலர்திராட்சை போன்ற சுவைகள் இதிலிருந்து வருபவை. இரண்டாவது குடும்பம், ஏற்கெனவே உலர்ந்த மால்ட்டை அல்லது முளைக்காத பார்லியையே உருளையில் இட்டு 200 டிகிரிக்கு மேல் வறுப்பது. சாக்லெட் மால்ட், பிளாக் மால்ட், வறுத்த பார்லி மூன்றும் இதில் அடக்கம். முதல் குடும்பத்தின் வேலையை இரண்டாவது செய்யாது. கிரிஸ்டல் மால்ட் இல்லையென்று சாக்லெட் மால்ட்டைக் கூட்டினால் நிறம் ஏறும், பீர் மெலிந்து கசக்கும்.

வறுக்கும் உருளையின் வரலாறு லண்டனில் தொடங்குகிறது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் போர்ட்டருக்கு நிறம் கொடுத்தது பிரவுன் மால்ட். விறகு நெருப்பில் உலர்த்தியதால் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரை குறைவு. திரவ அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் புழக்கத்துக்கு வந்ததும் அந்த இழப்பு கணக்கில் தெரிந்தது. வீலரின் கரிய மால்ட் வந்தபின் வெளிர் மால்ட்டையே பெரும்பகுதியாக வைத்து, ஒரு சிறிதளவு கறுப்பைச் சேர்த்து அதே நிறத்தைப் பெற முடிந்தது. இன்று நாம் 4 கிலோ வெளிர் மால்ட்டோடு 300 கிராம் அடர்நிற மால்ட் சேர்ப்பது அந்த வழியில் வந்த பழக்கம்தான். முளைக்காத பார்லியை வறுத்துச் சேர்ப்பது பிரிட்டனில் 1880ஆம் ஆண்டு வரி மாற்றத்துக்குப் பிறகே சட்டப்படி இயன்றது. அதுவரை வரி மால்ட்டின் மீது இருந்ததால் மற்ற தானியங்களுக்கு அனுமதியில்லை.

வறுவல் ஏற ஏறச் சுவை இப்படி மாறும்: 50 - 70 லவிபாண்டில் பிரவுன் மால்ட், அதில் தோசைக்கல்லில் சிவந்த ரொட்டியின் வாசம். 200 - 250இல் வெளிர் சாக்லெட் மால்ட், வறுத்த கொட்டையின் சுவை. 350 - 400இல் சாக்லெட் மால்ட். கசப்புக் கோகோவும் கோப்பியும் சேர்ந்திருக்கும். 300 - 500இல் வறுத்த பார்லி. வறண்ட, கூர்மையான கோப்பி. 500ஐத் தாண்டினால் பிளாக் மால்ட். கோகோ எரிந்துபோய்க் கரியும் புகையும் மிஞ்சும். வறுத்த பார்லிக்கும் சாக்லெட் மால்ட்டுக்கும் நிற எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் சுவை வேறு என்பதைக் கவனியுங்கள். நிற எண்ணை மட்டும் நம்புவதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பியப் பொட்டலங்களில் ஈபிசி என்ற அளவு இருக்கும், அதை 2.65ஆல் வகுத்தால் ஏறக்குறைய லவிபாண்ட் கிடைக்கும். ஆலைக்கு ஆலை எண்கள் மாறுவதால் இங்கே சொல்பவற்றைவிடப் பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்முறையை வைத்துக் கணக்கு

20 லிட்டர் போர்ட்டர்: வெளிர் ஏல் மால்ட் (சுமார் 3 லவிபாண்ட்) 4 கிலோ, 60 லவிபாண்ட் கிரிஸ்டல் மால்ட் 400 கிராம், சாக்லெட் மால்ட் 300 கிராம். 72 விழுக்காடு சர்க்கரை பிரிந்தால் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், தண்ணீரை 1 என்று வைத்து) 1.050 அளவில் இருக்கும். நிறத்துக்கு, ஒவ்வொரு மால்ட்டின் கிலோவை அதன் லவிபாண்டால் பெருக்கிக் கூட்டி, அதை 8.35ஆல் பெருக்கி, லிட்டரால் வகுக்க வேண்டும். இதில் வரும் எண் 59. அதை 0.686 அடுக்குக்கு உயர்த்தி 1.49ஆல் பெருக்கினால் சுமார் 24 எஸ்ஆர்எம் (பீரின் நிற அளவு). கைப்பேசியில் உள்ள கணிப்பான் போதும்.

அந்த அடுக்கில்தான் நமக்கு வசதி இருக்கிறது. அடர்நிற மால்ட்டைக் குறைக்கும் அளவுக்கு நிறம் குறைவதில்லை. பிளாக் மால்ட் மட்டும் கையில் இருந்தால் 210 கிராமுக்குப் போகாமல் 130 கிராமில் நிறுத்துங்கள். கூடவே 120 லவிபாண்ட் கிரிஸ்டல் மால்ட் 150 கிராம் சேருங்கள். கணக்கிட்டால் 22 எஸ்ஆர்எம் வரும். 24க்கும் 22க்கும் உள்ள வேறுபாடு கண்ணாடிக் குவளையில் தெரியாது. நாவில் தெரியும்: கரி அடங்கி, கிரிஸ்டல் மால்ட்டின் உலர்திராட்சைச் சுவை கோகோ விட்ட இடத்தை ஓரளவு நிரப்பும்.

வறுத்த பார்லி மட்டும் கிடைத்தால் 200 கிராம், அதோடு அதே அடர் கிரிஸ்டல் 100 கிராம். இது போர்ட்டரை ஸ்டௌட் பக்கம் இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம், வறட்சி கூடும். விருப்பமிருந்தால் அப்படியே ஸ்டௌட்டாக ஏற்றுக்கொள்வது நல்லது. வெளிர் சாக்லெட் மால்ட் கிடைத்தால் 400 கிராமும் பிளாக் மால்ட் 30 கிராமும். எல்லா மாற்றுகளிலும் மூலத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். சாக்லெட் கோதுமையோ சாக்லெட் ரையோ இருந்தால் எடைக்கு எடை போடலாம்; இரண்டிலும் உமி கிடையாது, அதனால் துவர்ப்பு குறையும்.

உமி நீக்கி வறுத்த வகைகளைத் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் உள்ள வயர்மன் ஆலையின் காராஃபா ஸ்பெஷல் இவற்றில் பரவலாகக் கிடைப்பது. 1, 2, 3 என்ற எண் ஏற ஏற நிறம் கறுக்கும். பெயரில் ஸ்பெஷல் இல்லாத காராஃபா உமியோடு வறுத்தது. பொட்டலத்தை அவசரத்தில் படித்து ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடுவது சகஜம், சுவையிலோ பெரிய வேறுபாடு. கரிந்த உமிதான் துவர்ப்பையும் கடுமையையும் தருகிறது. ஆகவே காராஃபா ஸ்பெஷல் 2ஐச் சாக்லெட் மால்ட்டுக்குப் பதில் 250 கிராம் போட்டால் நிறம் பொருந்தும், சுவையோ வெறிச்சென்று இருக்கும். பிரவுன் மால்ட் 150 கிராம் சேர்த்தால் அந்த வெறுமை நீங்கும். எதிர்த்திசையில், காராஃபா ஸ்பெஷல் கேட்கும் செய்முறையில் பிளாக் மால்ட்டைப் போட வேண்டி வந்தால் பாதி எடைக்கு மேல் போகாதீர்கள்.

ஐரிஷ் வறண்ட ஸ்டௌட்டில் கதை மாறுகிறது. அங்கே தானியத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு வறுத்த பார்லி. அந்தக் கூர்மைதான் அதன் அடையாளம். அதற்குச் சாக்லெட் மால்ட்டைப் போட்டால் பீர் மழுங்கிவிடும். பாதி பிளாக் மால்ட், பாதி சாக்லெட் மால்ட் என்று மொத்த எடையில் கால் பங்கு குறைத்துப் போடுவது தேவலாம்.

மளிகைக் கடையில் கிடைப்பவை

கோப்பி வறுக்கும் ஊரில் இருப்பவருக்குக் கோப்பித் தூளைப் போடலாமே என்று தோன்றும். நம் ஊர்க் கோப்பி ஓ தூள் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. அந்தக் கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும். சீனி கரிந்து கசக்கும். கோப்பிச் சுவைதான் வேண்டுமென்றால் எதுவும் சேர்க்காமல் வறுத்த கொட்டையை வாங்கி, கொதி நீரில் அல்லாமல் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் புட்டியிடும் முன் சேருங்கள். அது மால்ட்டுக்குத் துணை வருமே தவிர அதன் இடத்தை எடுக்காது. மைலோவில் மால்ட் இருக்கிறது என்பது உண்மை. பால் பவுடரும் செம்பனை எண்ணெயும்கூட இருக்கின்றன. வேண்டாம். குலா மெலாக்கா முழுக்க நொதித்துப் போய் மதுவின் வீரியத்தைக் கூட்டிச் சிறு வாசத்தை மட்டும் விட்டுச்செல்லும். சமையல் கருப்பு காரமெலில் பெரும்பாலும் உப்பு உண்டு.

உண்மையில் உதவுவது முத்து பார்லி. பார்லித் தண்ணீர் காய்ச்ச எந்தச் சீனக் கடையிலும் வாங்கும் அதே பார்லிதான். உமி தீட்டப்பட்டிருப்பதால் வறுத்தால் கடுமை குறைவு. அரை கிலோவைத் தட்டில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்குமேல் போகாமல் பரப்பி, ஓவனில் 200 டிகிரியில் வையுங்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். 40 நிமிட அளவில் பிஸ்கட் நிறம் வரும். அப்போது 220 - 230க்கு ஏற்றி, கோப்பிக் கொட்டையின் நிறம் வந்ததும் வெளியே எடுங்கள். ஓவனைப் பொறுத்து மொத்தம் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். வெளியே எடுத்தபின்னும் உள்ளிருக்கும் சூடு வறுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் உடனே தண்ணீர் தெளித்துப் பரப்புங்கள். ஆலைகளிலும் இதையே செய்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடம் புகை அதிகம் வரும், தானியம் தீப்பிடிக்கவும் கூடும், அதனால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. இரும்புச் சட்டியில் அடுப்பில் வறுத்தால் மேல் கருகி உள்ளே வெள்ளையாக நிற்கும். ஒரு மணியை வெட்டிப் பாருங்கள், நடுவரை ஒரே நிறம் இருக்க வேண்டும்.

வறுத்த அன்றே பயன்படுத்தினால் புகை வாடை பீரில் ஏறும். காகிதப் பையில் இரண்டு வாரம் விட்டுவைத்தால் அது பறந்துவிடும். வீட்டு வறுவல் பெரும்பாலும் ஆலை வறுவலைவிட வெளிறித்தான் வரும். இளம் வறுவலில் வேகாத மாவு மிச்சமிருக்கும் என்பதால் தனியாக ஊறவைத்தால் பீர் கலங்கும். அடிப்படை மால்ட்டோடு சேர்த்து 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மேஷ் செய்யுங்கள், அதாவது வெந்நீரில் ஊறவைத்து மாவைச் சர்க்கரையாக்குங்கள். கொரியக் கடைகளில் விற்கும் பார்லித் தேநீர்த் தானியமும் இதே இனம், இன்னும் இளம் வறுவல். அது பிரவுன் மால்ட்டின் இடத்துக்குத்தான் பொருந்தும்.

நம் தண்ணீர்

வெளிநாட்டுச் செய்முறைகள் இங்கே தடுமாறுவதற்குப் பெரிய காரணம் தண்ணீர். அடர்நிற மால்ட் அமிலத் தன்மை உடையது. லண்டன், டப்ளின் நகரங்களின் தண்ணீரில் கார்பனேட் மிகுதி. அது அந்த அமிலத்தை ஈடுகட்டியதால்தான் போர்ட்டரும் ஸ்டௌட்டும் அங்கே செழித்தன. நம் குழாயில் வரும் ஆற்று நீர் பெரும்பாலும் மென்னீர், ஈடுகட்ட அதில் ஒன்றுமில்லை. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பகுதியின் கிணற்று நீர் வேறு மாதிரி இருக்கலாம். வெளிர் மால்ட் மட்டும் மென்னீரில் மேஷ் ஆனால் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் மிகுதி) 5.7 அருகில் நிற்கும். அடர்நிற மால்ட் 10 விழுக்காட்டைத் தொட்டால் 5.2க்கும் கீழே இறங்கக்கூடும். அப்போது பீர் மெலிந்து, வறுவல் சுவை புளிப்போடு சேர்ந்து நாக்கைக் குத்தும். மால்ட்டை மாற்றியதுதான் தவறு என்று பலர் எண்ணுவது இந்தக் குத்தலைத்தான்.

அடர்நிற பீருக்கு 5.4 - 5.6 நல்லது. மேஷிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து அளக்க வேண்டும். சூடாக அளந்தால் எண் குறைத்துக் காட்டும். குறைவாக இருந்தால் சமையல் சோடா. 5 கிலோ தானியத்துக்கு 2 கிராம் சுமார் 0.1 ஏற்றும். அளவு மீறிப் போனால் சோடியம் உவர்ப்பாகத் தெரியும். வெற்றிலைச் சுண்ணாம்பும் காரம்தான் என்று அதைக் கரைக்க வேண்டாம். அது மிகக் கடுமையானது, குழைவில் எவ்வளவு சுண்ணாம்பு எவ்வளவு நீர் என்று தெரியாமல் அளக்கவும் முடியாது.

குழாய் நீரின் குளோரினை நீக்காவிட்டால் மருந்துக்கடை வாடை வரும். 20 லிட்டருக்குக் காம்ப்டென் மாத்திரையில் கால் பங்கு போதும்.

சோடாவே வேண்டாம் என்பவருக்கு வேறொரு வழி உண்டு: அடர்நிற மால்ட்டை மேஷில் சேர்க்காமலே இருப்பது. இவற்றிலிருந்து நிறமும் சுவையும் இறங்கத் தண்ணீர் மட்டும் போதும், நொதிகளின் வேலை தேவையில்லை. மேஷின் கடைசி 15 நிமிடத்தில் மேலே தூவலாம். அல்லது முதல் நாளே 300 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி 12 மணி நேரம் வைத்து, வடித்த சாற்றைக் கொதியின் கடைசி 15 நிமிடத்தில் சேர்க்கலாம். குளிர்ச் சாறு கசப்பையும் துவர்ப்பையும் பெருமளவு விட்டுவிட்டு வரும். அதனால் அளவைக் கால் பங்கு கூட்ட வேண்டியிருக்கும், ஆனால் பிளாக் மால்ட் மட்டும் கிடைத்த நிலையில் இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. ஊறவைப்பது குளிர்பெட்டிக்குள்ளாக இருக்கட்டும். நம் 30 டிகிரி வெப்பத்தில் வெளியே விட்டால், தானியத்தோடு வரும் லாக்டிக் பாக்டீரியா காலைக்குள் அதைப் புளிக்க வைத்துவிடும்.

அரைக்கும்போதும் நிதானம் வேண்டும். வறுத்த மால்ட் எளிதில் நொறுங்கும். மிக்சியில் இட்டால் விட்டு விட்டு இரண்டு, மூன்று சுழற்சி போதும். தூளானால் அதே எடையிலிருந்து கூடுதல் கசப்பு இறங்கும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

பொட்டலத்தை நம்பாமல் சுவைத்துப் பார்க்க எளிய சோதனை இருக்கிறது. 20 லிட்டருக்கு 300 கிராம் என்றால் லிட்டருக்கு 15 கிராம். ஆகவே 3 கிராம் மால்ட்டை நொறுக்கி, 65 டிகிரிச் சூட்டில் 200 மில்லி நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, காகித வடிகட்டியில் வடித்துக் குடியுங்கள். மாற்றாக நினைக்கும் கலவையையும் அதே விகிதத்தில் பக்கத்தில் வையுங்கள். கரி, துவர்ப்பு, கோகோ ஆகியவற்றின் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

பீர் கெட்டபின் எதனால் என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். விழுங்கியபின் நிற்கும் சாம்பல் சுவைக்குக் காரணம் பிளாக் மால்ட் மிகை. வாயில் பட்டதும் குத்தும் புளிப்பு பிஎச் இறங்கியதால். தின்னர் போன்ற எரிச்சலான வாடைக்கு மால்ட் காரணமே அல்ல. ஈஸ்ட் வெப்பத்தில் வேலை செய்திருக்கிறது. சாதாரண ஏல் ஈஸ்ட் 18 - 20 டிகிரியில் இருக்க வேண்டியது. தகரக் கூரை வீட்டில் பிற்பகலில் 32 டிகிரி. பழைய குளிர்பெட்டியோடு ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினால் தீரும். அது முடியாதவர்கள் நார்வேயின் வாஸ் குவைக் ஈஸ்ட்டைப் பயன்படுத்தலாம், 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும். அதன் மெல்லிய ஆரஞ்சு வாசம் சாக்லெட் சுவையோடு இணங்கிப்போகும், வறண்ட ஸ்டௌட்டோடு அவ்வளவாக இணங்காது.

மீந்த மால்ட்டை அரைக்காமல் முழு மணியாக, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஈரக் காற்றில் திறந்த பையில் சில வாரத்திலேயே பதத்துப்போகும், வண்டும் ஏறும். கடித்தால் படீரென்று உடைய வேண்டும். வளைந்து நசுங்கினால் அது போயிற்று.

கரிச்சுவை ஏறிய பீர் ஏற்கெனவே கையில் இருந்தால் உடனே கொட்டிவிட வேண்டாம். ஆறு வாரம் குளிர்ச்சியில் வைத்தால் கடுமை ஓரளவு தணியும். இன்னும் புட்டியில் அடைக்காத நிலையில் என்றால் 200 - 300 கிராம் லாக்டோஸை அரை லிட்டர் நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து 20 லிட்டரில் கலக்கலாம். பீர் ஈஸ்ட்டால் அதை நொதிக்க முடியாது, இனிப்பு தங்கிக் கசப்பை மறைக்கும். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதை ஊற்றும் முன் சொல்லிவிடுங்கள். சீனியை மட்டும் சேர்க்காதீர்கள்: அது புட்டிக்குள் நொதித்து வாயு பெருகி, கண்ணாடி வெடிக்கும்.